புரட்டாசியில் வந்து சித்திரையில் போகும் உள்ளான்கள்: டர்பனில் கரைப்பறவை பார்க்க ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் புரட்டாசி விரதம் தொடங்கிக் கறிச்சட்டியை ஒதுக்கி வைக்கும் வாரங்களில், உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில் சாம்பல் நிறச் சிறு பறவைகள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ப்ளூ லகூன் கரையில் காரை நிறுத்தி, ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய பன்னி சௌ சாப்பிடும் குடும்பங்களில் பெரும்பாலோர் அவற்றைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் ஏதோ கடற்குருவி என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் குருவி ஜூலை மாதத்தில் வட துருவத்தை ஒட்டிய சைபீரியாவில் இருந்தது. அங்கிருந்து டர்பனுக்கு நேர்கோடு போட்டால்கூட 12,000 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

இந்தப் பறவைகளைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பொதுவாக ஒரு படப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு நண்பகலில் கரைக்குப் போய், தொலைவில் ஐம்பது சாம்பல் புள்ளிகளைக் கண்டு சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. இந்த நகரத்தில் காசு செலவில்லாமல் காணக் கிடைக்கும் பெரிய அதிசயங்களில் இது ஒன்று. அதனால் இந்தக் கட்டுரையில் பெயர்களைவிட நீரின் நேரத்துக்கும் மாதத்தின் கணக்குக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவை இரண்டும் பிடிபட்டால் பெயர்கள் மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும்.

எவை கரைப்பறவைகள்

கடற்கரையில் தெரியும் பறவைகள் எல்லாம் கரைப்பறவைகள் ஆகிவிடுவதில்லை. கடற்காகம், ஆலா, கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் வேறு குடும்பங்கள். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள பறவை), சிப்பிபிடிப்பான் ஆகிய கூட்டங்களையே பறவையியலார் கரைப்பறவைகள் என்கிறார்கள். இவை மீன் பிடிக்கப் பாய்வதில்லை; நீந்திப் பிழைப்பதும் இல்லை. நீரும் நிலமும் சந்திக்கும் விளிம்பில் நடந்தே இரை தேடுகின்றன. சேற்றுப்புழு, சிறு நண்டு, நத்தை, குட்டிச் சிப்பி ஆகியவையே உணவு.

டர்பன் கரையில் இவற்றில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, பயணிகளும் உண்டு. மணலோடு மணலாக மறையும் வெண்ணெற்றி உப்புக்கொத்தி, நெஞ்சில் பட்டைகள் அணிந்த மூன்றுபட்டை உப்புக்கொத்தி, கரிய உடலும் செக்கச்சிவந்த அலகும் கொண்ட ஆப்பிரிக்கச் சிப்பிபிடிப்பான் ஆகியவை ஆண்டு முழுவதும் இந்த நாட்டிலேயே இருந்து இங்கேயே முட்டையிடுகின்றன. பயணிகளில் அடிக்கடி கண்ணில் படுவது வளைமூக்கு உள்ளான். இங்கே கிடைக்கும் பறவைப் புத்தகங்களில் அதைக் கர்லியூ சாண்ட்பைப்பர் என்ற பெயரில் தேட வேண்டும். அதனோடு கொசு உள்ளான் என்ற லிட்டில் ஸ்டின்ட், சாம்பல் உப்புக்கொத்தி என்ற கிரே ப்ளோவர், பச்சைக்காலி என்ற கிரீன்ஷாங்க், சின்னக் கோட்டான் என்ற விம்பரல், அலகு மேல்நோக்கி வளைந்த டெரக் உள்ளான், கல்திருப்பி உள்ளான், அலை பின்வாங்கும்போது அதைத் துரத்தி ஓடும் சாண்டர்லிங் ஆகியவையும் வரும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் வளைமூக்கு உள்ளானைச் சுற்றியே போகும். அந்த ஒரு பறவையை நன்றாகத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டே அடையாளம் கண்டுவிடலாம்.

வரவும் போக்கும்

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, டைமிர் தீபகற்பத்தையும் அதை அடுத்த தூந்திரா நிலத்தையும் ஜூன் மாதத்தில் கற்பனை செய்து பாருங்கள். சூரியன் மறைவதே இல்லை. பனி உருகிய ஈர நிலத்தில் பூச்சிகள் கோடிக்கணக்கில் பொரிந்து எழுகின்றன. குஞ்சு வளர்க்க இதைவிட நல்ல இடம் உலகில் குறைவு. ஆனால் அந்த விருந்து சில வாரங்களே. செப்டம்பரில் தரை மறுபடி உறையத் தொடங்கினால் அலகு இறங்காது. அதனால் அங்கே முட்டையிடும் பறவை ஆண்டின் பெரும்பகுதியை வேறெங்காவது கழித்தாக வேண்டும். வடக்கே குளிர் வரும்போது தெற்கே கோடை பிறக்கிறது. வளைமூக்கு உள்ளான் இரண்டு கோடைகளை வாழ்ந்து குளிரைத் தாண்டிவிடுகிறது. இதே இனத்தின் வேறு கூட்டங்கள் நம் கோடியக்கரைச் சேற்றுக்கும் உப்பளங்களுக்கும் போகின்றன. அங்கே அவை வடகிழக்குப் பருவமழையோடு வந்து சேர்கின்றன. இங்கே வருபவை வசந்தத்தோடு வந்து சேர்கின்றன.

அவை புறப்படும் வரிசை எனக்கு எப்போதும் வியப்பூட்டும். ஆண் பறவைகள் ஜூலை தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். முட்டையை அடைகாத்துக் குஞ்சைக் காக்கும் பொறுப்பு முழுவதும் பெண்ணுக்கு. குஞ்சுகள் பொரிந்த நாளிலேயே தாமாக இரை தேடும். அவை பறக்கத் தேறும் தறுவாயில் தாயும் புறப்பட்டுவிடுகிறது. கடைசியாகக் கிளம்புபவை, இரண்டு மாதம்கூட நிரம்பாத இளம்பறவைகள். வழி காட்டப் பெரியவர்கள் யாரும் இல்லை. எந்தத் திசையில் போக வேண்டும் என்ற அறிவு பிறப்போடு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அவை சைபீரியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தெற்கு முனைவரை வந்துசேர்கின்றன.

ஆகவே டர்பனில் நாட்காட்டி ஏறக்குறைய இப்படி ஓடும். ஆவணி இறுதியில் முதல் பெரிய பறவைகள், அதாவது முழு வளர்ச்சி அடைந்தவை. இனப்பெருக்கக் கால நிறம் முழுவதும் கலையாமல், வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகளோடு இருக்கும். புரட்டாசியில் கூட்டம் பெருகும். புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிவரை இளம்பறவைகள் வரும்: முதுகு இறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர்நிறக் கோடு இருப்பதால் முதுகு செதில் செதிலாகத் தெரியும்; நெஞ்சில் இலேசான பழுப்பு படர்ந்திருக்கும். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில் எல்லாப் பறவைகளும் வெறும் சாம்பலும் வெள்ளையுமாக, அடையாளம் காண மிகக் கடினமான உடையில் இருக்கும். பெரிய பறவைகள் பறக்கும் இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதுப்பிப்பதும் இந்த மாதங்களில்தான். பங்குனியில், அம்மன் கோயில்களில் தீமிதி நடக்கும் ஈஸ்டர் விடுமுறைவாக்கில், அவற்றின் முகமும் நெஞ்சும் வயிறும் செம்பழுப்பாக மாறத் தொடங்கும். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் மாதம் பங்குனி. நிறம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வெயிலும் தணிந்திருக்கிறது. சித்திரை பாதியில் பெரும்பாலானவை போய்விடும்.

போவதற்கு முன் அவை உடம்பைத் தயார் செய்யும் விதம் தனிக்கதை. சாதாரண நாட்களில் 55 முதல் 60 கிராம் இருக்கும் வளைமூக்கு உள்ளான், ஏப்ரலில் கிளம்பும்போது 80 கிராமைத் தாண்டிவிடும். கூடிய எடை ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. அதுதான் பயணத்துக்கான எரிபொருள். இதன் உறவினமான பட்டைவால் மூக்கனில் இதைவிட வியப்பான ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். கொழுப்பு ஏறும் அதே வேளையில் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது சாப்பிடப் போவதில்லை, ஆகவே அந்தச் சுமையைக் குறைத்துக்கொள்கிறது. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஐந்து மாத வயது மூக்கன் ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா சேர்ந்தது. முதுகில் கட்டியிருந்த செயற்கைக்கோள் கருவியால் அது உறுதியாகத் தெரியவந்தது. நம் வளைமூக்கு உள்ளான் அப்படி ஒரே மூச்சில் போவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகள், காஸ்பியன், கருங்கடல் என்று இடையிடையே இறங்கி மறுபடி கொழுத்துப் போகிறது. கருங்கடலை ஒட்டிய சிவாஷ் உப்புநீர்ப் பரப்பு அதன் வசந்தகாலத் தங்குமிடங்களில் முக்கியமானது.

சைபீரிய எலியும் ஆப்பிரிக்கச் சேறும்

கரைப்பறவைகளைப் பற்றி நான் அறிந்ததிலேயே என்னை மிகவும் உலுக்கிய செய்தி இது. இதைத் தென்னாப்பிரிக்கக் கரைகளில் செய்த கணக்கெடுப்புகளும் சேர்ந்தே வெளிக்கொண்டு வந்தன.

1970களிலிருந்து கேப் பகுதி ஆர்வலர்கள் வலை கட்டிக் கரைப்பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, எடை பார்த்து விடுவித்து வந்தார்கள். பிடிபட்டவற்றில் இளம்பறவைகள் எத்தனை என்றும் குறித்துவைத்தார்கள். அந்தக் கணக்கில் விசித்திரம் ஒன்று தெரிந்தது. சில ஆண்டுகளில் இளம்பறவைகள் ஏராளம். சில ஆண்டுகளில் ஒன்றுகூடக் கிடைப்பது அரிது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஏற்றம் திரும்பி வந்தது. கேப் கரையில் அப்படி எந்த மூன்றாண்டு மாற்றமும் இல்லை. காரணம் பறவை பிறந்த இடத்தில் இருந்தது.

தூந்திராவில் லெமிங் என்ற சிறு எலியினம் வாழ்கிறது. அது சில ஆண்டுகளில் எண்ணற்றுப் பெருகும். பிறகு திடீரென்று சரிந்துவிடும். அந்த ஏற்ற இறக்கம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழலும். துருவ நரியும் ஸ்கூவா என்ற வேட்டைக் கடற்பறவையும் லெமிங்கைத் தின்று வாழ்பவை. லெமிங் பெருகிய ஆண்டில் அவை வயிறு நிறைந்து, குட்டிகளையும் நிறைய ஈனும். மறு ஆண்டு லெமிங் சரிந்துவிடும். நரிகளின் எண்ணிக்கையோ அதிகமாக இருக்கும். அப்போது அவற்றின் பார்வை தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை மீதும் குஞ்சு மீதும் திரும்பும். அந்த ஆண்டு வளைமூக்கு உள்ளானுக்கு ஏறக்குறைய வாரிசே இருக்காது. 1987-இல் சம்மர்ஸ், அண்டர்ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பிரென்ட் வாத்துகளின் கணக்கையும் தென்னாப்பிரிக்கக் கரைப்பறவைகளின் கணக்கையும் சைபீரிய லெமிங் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கின.

ஆகவே ஐப்பசியில் ப்ளூ லகூனில் நின்று, செதில் முதுகுள்ள இளம்பறவைகள் எத்தனை, வெறும் சாம்பல் முதுகுள்ள பெரியவை எத்தனை என்று நீங்கள் எண்ணினால், சைபீரியாவில் அந்தக் கோடையில் நரி எதைத் தின்றது என்பதை அறியும் வழியில் இருக்கிறீர்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பைனாகுலரும் பொறுமையும் போதும்.

நீரின் நேரம்

இப்போது நடைமுறைக்கு வருவோம். கரைப்பறவைக்குப் பகல் இரவு பெரிய விஷயமில்லை. இருட்டிலும் அது இரை தேடும். அதன் வாழ்க்கையை ஆள்வது ஓதம், அதாவது கடலின் ஏற்றமும் வற்றமும். நீர் வற்றும்போது சேறு திறக்கிறது, உணவு கிடைக்கிறது. நீர் ஏறும்போது சேறு மூடுகிறது, பறவைகள் ஏதாவது ஒரு மணல்திட்டில் கூடி, ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகி ஓய்வெடுக்கின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் திரும்பும். ஒவ்வொரு நாளும் அது முந்தைய நாளைவிட சுமார் 50 நிமிடம் தாமதமாகும்.

முழு வற்றத்தில் போனால் சேறு வெகுதூரம் விரிந்திருக்கும், பறவைகள் அதன் கோடியில் சிதறிக் கிடக்கும். உங்களுக்குத் தெரிவது புள்ளிகள்தான். முழு ஏற்றத்தில் போனால் சேறே இருக்காது. இரண்டுக்கும் நடுவில், நீர் ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். ஏறும் நீர் பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் தள்ளும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவையே உங்களை நோக்கி மேய்ந்து வரும். நாம் பறவையை நோக்கிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த நேரம் எப்போது வரும் என்பதை வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே சொல்லிவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் வந்து கடலை இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். டர்பனில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது இரண்டு மீட்டரை நெருங்கும். அந்த நாட்களில் இந்தக் கரையில் முழு ஏற்றம் காலையிலும் மாலையிலும் சுமார் மூன்றரை, நான்கு மணிக்கு வரும். முழு வற்றம் சுமார் பத்து மணிக்கு. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், காவடி கோயிலை நெருங்கும் முற்பகலில் கழிமுகச் சேறு மிக அகலமாகத் திறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அந்த நாளில் நீர் ஏறுவதைப் பார்க்க நண்பகலில் நிற்க வேண்டியிருக்கும். கோடை நண்பகலில் கானல் அலைந்து எதுவும் தெளிவாகத் தெரியாது.

அஷ்டமி, நவமியில் வீட்டில் நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டோம். கரைப்பறவை பார்க்கத் தொடங்க நான் பரிந்துரைப்பது அந்த நாட்களைத்தான். அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ ஏழெட்டு நாள் தள்ளும்போது, நாளுக்கு 50 நிமிடக் கணக்கில் ஏற்றத்தின் நேரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நகர்ந்து, காலை ஒன்பதரை, பத்து மணிக்கு வந்து நிற்கும். ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் இளவெயிலில், கானல் எழுமுன், ஏறும் நீரோடு பறவைகளைப் பார்க்கலாம். இந்த நாட்களில் ஓதமும் சிறியது. முழு ஏற்றத்திலும் கொஞ்சம் சேறு மிச்சமிருக்கும். முகத்துவாரத்துக்கு உள்ளே நீர் சற்றுத் தாமதமாகவே திரும்பும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். துல்லியமான நேரம் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்கக் கடற்படை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அல்லது தூண்டிலோடு நிற்கும் பெரியவர் யாரிடமாவது "அங்கிள், இன்றைக்குத் தண்ணீர் எப்போது திரும்பும்?" என்று கேளுங்கள். தூண்டில்காரர்களைவிட இதை நன்றாக அறிந்தவர்கள் கிடையாது.

ப்ளூ லகூன் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. எதிரே வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் பறவை வெறும் நிழலாகத் தெரியும். காலையில் கடல்பக்கம் முதுகைக் காட்டி மேற்கே பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேராகப் போவதே இந்த ஊரில் அறிவுடைமை.

அலகும் நடையும்

நிறத்தை நம்பாதீர்கள். தை மாதத்தில் எல்லாம் சாம்பல்தான். நடையைப் பாருங்கள்.

உப்புக்கொத்திக்குப் பெரிய கண், குட்டை அலகு. சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், தரையை உற்றுப் பார்க்கும், ஒரே கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால் வேட்டையாடும் பறவையின் நடை அது. உள்ளான் அப்படி நிற்பதில்லை. தலையைக் குனிந்தபடியே, நாற்று நடும் கை சேற்றில் இறங்கி ஏறுவதுபோல, அலகை விட்டு எடுத்து விட்டு எடுத்து நகர்ந்துகொண்டே இருக்கும். அது பார்ப்பதே இல்லை, தடவிப் பார்க்கிறது. இவற்றின் அலகு நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. இதன் உறவினமான நாட் என்ற பறவை, ஈர மணலில் அலகைக் குத்தும்போது எழும் அழுத்த மாற்றத்தை வைத்தே, அலகு தொடாத சிப்பியைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிறது என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்.

அலகின் நீளம் வேறுபடுவதால் ஒரே சேற்றில் பல இனங்கள் சண்டையின்றிப் பிழைக்கின்றன. கொசு உள்ளானுக்கு மேற்பரப்பு; வளைமூக்கு உள்ளானுக்கு அதற்குக் கீழே; சின்னக் கோட்டானின் வளைந்த நீள அலகு நண்டு வளைக்குள் போகும். கல்திருப்பி பெயருக்கேற்பக் கல்லையும் பாசியையும் புரட்டும். டெரக் உள்ளான் தாழக் குனிந்து நண்டைத் துரத்தி அங்குமிங்கும் ஓடும். அந்த ஓட்டத்தை வைத்தே நூறு பறவைகளுக்கு நடுவிலும் அதைப் பிரித்துவிடலாம்.

பறக்கும்போது வேறு அடையாளங்கள் தெரியும். வளைமூக்கு உள்ளானின் வாலுக்கு மேல் பளிச்சென்று வெள்ளை. சாம்பல் உப்புக்கொத்தியின் அக்குளில் கறுப்புத் திட்டு. வேறெதற்கும் அது கிடையாது. பச்சைக்காலி எழும்போதே மூன்று முறை உரக்கக் கூவும். சின்னக் கோட்டான் ஏறக்குறைய ஏழு சுரங்களை ஒரே சீராக அடுக்கி ஒலிக்கும்.

கருவி என்று பார்த்தால் 8 மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்று போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். காலுள்ள தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் நல்லது.

தொந்தரவு என்பது என்ன

இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஓய்வெடுக்கும் பறவைக் கூட்டத்தை ஒரு நாய் எழுப்பினால், பறவைகள் சுற்றிவந்து மறுபடி உட்காருவதைப் பார்த்து ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைக்கிறோம். அந்த ஒவ்வொரு எழுச்சியும் அது சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கைத் தின்கிறது. பங்குனியில் அது மிகவும் பொல்லாத இழப்பு. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினாலே நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே உட்காருங்கள். படம் எடுப்பதற்காகக் குழந்தைகளைக் கூட்டத்துக்குள் ஓடவிடுவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

சட்டம் எவ்வளவு உதவும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. பொழுதுபோக்குக்காகக் கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது 2001-இல் தடை செய்யப்பட்டது. மணலில் முட்டையிடும் சிப்பிபிடிப்பானின் எண்ணிக்கை அதன்பின் நன்றாகவே ஏறியது. பயணப் பறவைகளின் கதி அப்படி இல்லை. 2024 அக்டோபரில் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் செம்பட்டியலில் 16 கரைப்பறவை இனங்கள் ஒரே சமயத்தில் மேலும் ஆபத்தான படிநிலைக்கு மாற்றப்பட்டன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அவற்றில் அடங்கும். கேப் டவுனுக்கு வடக்கே உள்ள லாங்கபான் காயல் 1988-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; தேசியப் பூங்காவின் பாதுகாப்பும் அதற்கு உண்டு. அங்கேகூட 1970களில் குவிந்த வளைமூக்கு உள்ளான்களில் சிறு பங்கே இன்று வருகிறது. காயல் பத்திரமாக இருந்தாலும் வழியிலுள்ள ஒவ்வொரு சேறும் பத்திரமாக இருக்க வேண்டும்.

டர்பன் குடாவின் கதையும் இதுதான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 ஒப்பந்தத் தொழிலாளர் குடியேறிகளோடு இங்கே வந்தபோது, குடா பெரும்பாலும் ஆழமற்ற சேறும் அலையாத்தியுமாக இருந்தது. அது நவம்பர், சைபீரியாவிலிருந்து வந்த கூட்டங்கள் அந்தச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் மாதம். பின்னர் சாலிஸ்பரி தீவிலும் சுற்றிலும் நம்மவர்கள் வலை போட்டுப் பிழைத்ததும் அதே சேற்றின் வளத்தால்தான். துறைமுகம் பெருகப் பெருக, தோண்டியும் தூர்த்தும் அந்தப் பரப்பு சுருங்கியது. இன்று குடாவுக்குள் நடுத்திட்டும் பேஹெட் அலையாத்தியும் போன்ற துண்டுகளே மிச்சம். துறைமுகப் பகுதி என்பதால் நினைத்தபடி உள்ளே போகவும் முடியாது. உம்கேனி முகத்துவாரமோ 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீராலும் பிளாஸ்டிக்காலும் மிகவும் அவதிப்பட்டது. மழை பெய்த மறுநாட்களில் சேற்றில் கால் வைக்காதீர்கள்.

ஆனி ஆடியில் ஒருமுறை போங்கள்

சித்திரையோடு எல்லாம் முடிந்தது என்று பைனாகுலரை உறையில் போட்டுவிட வேண்டாம். ஆனி, ஆடியில், இங்கே குளிர் நிலவும் ஜூன், ஜூலை மாதங்களில், கழிமுகத்தில் சில வளைமூக்கு உள்ளான்கள் இருக்கும். நோயுற்றவையோ வழிதவறியவையோ அல்ல. முந்தைய ஆண்டு பிறந்தவை. இனப்பெருக்க வயது வராததால் முதல் ஆண்டு வடக்கே திரும்பாமல் தங்கிவிட்டவை. பெரியவை யாவும் சைபீரியாவில் இருக்கும் அந்த மாதத்தில் இங்கே நிற்பவை ஏறக்குறைய எல்லாமே ஒரு வயதுப் பறவைகள். அதனால் முதுகின் செதில் கோட்டைத் தேடும் சிரமம்கூட இல்லாமல், தலையை எண்ணினாலே போன கோடையின் குஞ்சுகள் எத்தனை தப்பின என்பதற்கு ஓர் அளவு கிடைத்துவிடுகிறது. லெமிங் பெருகிய ஆண்டுக்கு அடுத்த ஆடியில் கூட்டம் பெரிதாக இருக்கும்; சரிந்த ஆண்டுக்கு அடுத்த ஆடியில் சேறு வெறிச்சென்று கிடக்கும்.

தென்னாப்பிரிக்காவில் 1992 முதல் ஆண்டுக்கு இருமுறை, கோடை நடுவிலும் குளிர் நடுவிலும், தன்னார்வலர்கள் நீர்நிலைகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். உள்ளூர்ப் பறவைச் சங்கத்தில் கேட்டால் ஏதாவது ஒரு குழுவில் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். எண்ணும்போது நாள், ஓத நிலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், எழுத்தும் எண்ணும் என்ன என்று குறித்து, கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஃப்ரிங் என்ற வளையமிடும் அமைப்புக்கு அனுப்புங்கள். எதுவுமே தென்படாத நாளில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தப் பூஜ்யத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.